நான்கு நட்சத்திரமும் ஒரு மைப்பொட்டும்

காலையில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில், ஆபீஸ் போகிற கூட்டத்துக்கு நடுவே நல்லெண்ணெய் வாசம் அடித்தால், சுசீலா அக்கா பக்கத்தில் எங்கோ நிற்கிறார் என்று அர்த்தம். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் எண்ணெய்ப் போத்தல், வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற நீளத்துணி, சாம்பிராணி, ஒரு சின்ன மை டப்பா. எல்லாரும் நகரத்தை நோக்கிப் போகும்போது அவர் மட்டும் எதிர்ப்பக்க ரயிலில் ஏறிப் பொங்கோலுக்குப் போவார். புதுத் தம்பதிகளும் புதுப் பாப்பாக்களும் அங்கேதான் அதிகம்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது, வயிற்றுக்குத் துணி கட்டுவது, பாப்பாவைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டித் தூங்கவைப்பது, இதுதான் அவர் வேலை. ஒரு வீட்டுக்கு ஒரு மாதம். என் அக்காவுக்கு மகன் பிறந்தபோது எங்கள் வீட்டுக்கும் வந்தார். எங்கள் குளியலறையில் ஓர் ஆள் கால் நீட்டி உட்கார இடம் கிடையாது. அவர் கதவைத் திறந்துவைத்து, கால்களைச் சமையலறைப் பக்கம் நீட்டி, பாப்பாவைக் காலின்மேல் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றினார். வீறிட்டு அழுதுகொண்டிருந்தவன் அவர் கை முதுகில் பட்டதும் அப்படியே அடங்கிப்போனான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லவில்லை!

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு அவர் தஞ்சோங் பகாரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் டீ போட்டு, கோப்பை கழுவி, மீட்டிங் அறைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் சேக் தாவூது நல்ல மனுஷன். வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஆன்ட்டி, ஒன் மோர் டீ," அவ்வளவுதான். தங்கையின் பிரசவத்துக்கு எண்ணெய் தேய்த்துக் கவனித்துக்கொள்ளப் போனவர், தங்கையின் தோழிக்கும் செய்தார், பிறகு தோழியின் தோழிக்கும். ஒருநாள் தைரியமாக யூனிஃபார்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அவருக்குப் பெயர் இருக்கிறது. சுசீலா அக்கா.

மகள் சிவானி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவள்தான் அம்மாவுக்காக இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள். வேலை முடிந்த வீட்டார் அதில் நட்சத்திரம் போட்டு, இரண்டு வரி எழுதுவார்கள். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

*

மதுரா பொங்கோலில் இருக்கிறாள். வங்கியில் வேலை, இது தலைப்பிரசவம். மகனுக்கு ஆரவ் என்று பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த மதுராவின் அம்மா உதவிக்குக் கூட இருந்தார். இத்தனை வருஷம் ஆகியும் அவர் பேச்சு மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பவில்லை.

சுசீலா அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. குளிப்பாட்டி முடித்ததும் பாப்பாவின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு. கூடவே அம்மாக்காரிக்கு ஒரு பாடமும் உண்டு. மதுராவுக்கு அந்தப் பாடம் லிஃப்டிலேயே நடந்தது. ஆரவைத் தூக்கிக்கொண்டு இருவரும் கிளினிக்குக்குக் கிளம்பினார்கள். லிஃப்டில் ஏறிய ஒரு பெண் கன்னத்தைக் கிள்ளாத குறையாக, "வாவ், சோ க்யூட்!" என்றார். சுசீலா அக்கா உடனே, "யா லா, பட் வோல் நைட் கிரை," என்றார்.

வெளியே வந்ததும் மதுரா, "ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க? நேத்து நல்லாத்தானே தூங்குனான்?" என்று கேட்டாள்.

"யாராவது முழுசாப் புகழ்ந்தா அப்படியே விட்டுடாதீங்கம்மா. கூடவே ஒரு குறை சொல்லிடணும். கண்ணு அந்தக் குறையில போய் நின்னுடும். புள்ள மேல விழாது."

"ஓ! வாய்ல வைக்கிற பொட்டு!"

"அதேதான்."

அந்த மாதத்தில் ஒரே ஒரு நாள் காலை தவறிப்போனது. பொங்கோலில் எல்லா பிளாக்கும் ஒரே நிறம், ஒரே உயரம். எண்ணும் ஒன்றுதான், பின்னால் வருகிற எழுத்துதான் வேறு. சுசீலா அக்கா அவசரத்தில் பக்கத்து பிளாக்கில் ஏறி, அதே மாடியில், அதே எண்ணுள்ள வீட்டில் போய் மணியடித்துக்கொண்டே நின்றார். போனில் சார்ஜ் இல்லை. தப்பு புரிந்து சரியான வீட்டுக்கு ஓடி வந்தபோது நேரம் நன்றாகத் தாண்டிவிட்டது. அன்றைக்குப் பார்த்து மதுராவின் அம்மா தேக்கா சந்தைக்குப் போயிருந்தார். பாப்பா பால் குடிக்க மறுத்து அலறிக்கொண்டிருக்க, மதுரா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சுசீலா அக்கா ஸாரி சொன்னார். அவள் "பரவால்ல அக்கா" என்றாள். அதோடு அது முடிந்தது என்றுதான் இவர் நினைத்தார். கடைசி நாள் மதுரா இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

*

சில நாள் கழித்து மதுராவின் ரிவ்யூ வந்தது. நான்கு நட்சத்திரம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"அக்கா கைராசிக்காரர். என் மகனை அவரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். எண்ணெய், மசாஜ், பேச்சு எல்லாமே அருமை. ஒரே ஒரு குறை. ஒரு நாள் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. பாப்பா பசியில் அழ, நான் பயத்தில் அழ, கதவையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு காலை எந்த அம்மாவுக்கும் வரக் கூடாது."

சிவானி சத்தமாகப் படித்துக் காட்டினாள். சுசீலா அக்கா எட்டித் திரையைப் பார்த்தார். பிறகு, "வரலைன்னா எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா. 'வரவில்லை'."

"போனேனே. லேட்டுதான். ஆனா போனேனே."

அதற்குப் பிறகு புதிய அழைப்புகள் குறையத் தொடங்கின. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஏற்கெனவே சொல்லிவைத்த வீடுகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக முடிய, அடுத்த வீடு வரவில்லை. கூப்பிட்ட சிலரும் விலையைக் கேட்கவில்லை, எண்ணெயைக் கேட்கவில்லை. "அக்கா, நீங்க கண்டிப்பா டெய்லி வருவீங்கதானே?" என்று கேட்டார்கள். "வருவேன்மா," என்பார் இவர். "ஓகே, ஹஸ்பண்டக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிடுவார்கள். அதோடு சரி.

சிவானிக்குக் கோபம். அந்த இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திர ரிவ்யூக்கள் நிறைய இருந்தன. 'குட் சர்வீஸ்', 'வெரி நைஸ் லேடி', 'ஹைலி ரெக்கமண்டட்'. ஆனால் "இந்த ரிவ்யூ உதவியாக இருந்தது" என்று ஆளாளுக்கு அழுத்தியது மதுரா எழுதியதைத்தான். பக்கத்தைத் திறந்தால் முதலில் வந்து நின்றதும் அதுதான். நட்சத்திரம் என்னவோ நான்கு. நட்சத்திரத்தை யார் பார்த்தார்கள்? தரையில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு தாயைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

சிவானி தன் வகுப்புத் தோழர்களிடம் சொல்லி அவசரமாக ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னாள். ஜெய் என்கிற பையன், "சூப்பர் மசாஜ்! என் கால்வலி பறந்தே போச்சு!" என்று எழுதினான்.

"டேய், இது புள்ள பெத்தவங்களுக்குடா!"

"நீ சொல்லவே இல்லயே லா!"

சுசீலா அக்கா அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்துச் சிரித்தார். பிறகு, "எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லு. நான் போகாத வீட்டுக்காரங்க வந்தாங்கன்னு எழுதுறதும், போன வீட்டுக்காரங்க வரலைன்னு எழுதுறதும் ஒண்ணுதான்," என்றார்.

"அப்ப மதுராவுக்காவது பதில் போடலாம்மா. 'பொய் சொல்லாதீங்க'ன்னு நாலு பேர் பாக்குற மாதிரி."

"வேணாம்."

"ஏன்?"

"பச்சை உடம்புக்காரி. அவ கூட நான் சண்டை போட மாட்டேன். அதுவும் போக..." சொல்லவந்ததை அவர் முடிக்கவில்லை. அதுவும் போக, அவள் அழுதது நிஜம். அதைத்தான் இவரால் தாண்ட முடியவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் சேக் தாவூது போன் செய்தார். "சுசீலா, உன் பழைய இடம் காலியாகுது. மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருக்கேன். அப்புறம் ஏஜென்சியில ஆள் கேட்டுடுவேன். யோசிச்சுச் சொல்லும்மா."

கணவர் சேதுபதி லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், நிதானமான ஆள். "போறதும் போகாததும் உன் இஷ்டம்," என்றார். "ஆனா டிசம்பருக்கு ஒரு வீடும் இல்ல. ஜனவரிக்கும் இல்ல. பையை மாட்டிக்கிட்டு எங்க போவ?"

சுசீலா அக்கா துணிப்பையை எடுத்து ஆணியில் மாட்டினார். மறுபடியும் ஆன்ட்டி ஆகவேண்டுமா என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து சேதுபதி ஒரு மின்விசிறி வாங்க உட்கார்ந்தார். போனை மனைவியிடம் நீட்டி, "இது நல்லாருக்கு, எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்காங்க," என்றார். இவர் போனை வாங்கி, நல்லதை எல்லாம் விரலால் தள்ளிவிட்டு, நேராகத் திட்டி எழுதியவர்களிடம் போனார். ஒருவர் எழுதியிருந்தார்: "ராத்திரி முழுக்கத் தடதடவென்று சத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் அப்பா விடியும்வரை கண் மூடவில்லை."

"இது வேணாங்க."

"ஒரே ஒரு ஆள் சொன்னதுக்காகவா?"

"பாவம், அவங்கப்பா தூங்கவே இல்லயாம்."

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அந்த அப்பா யாருன்னே எனக்குத் தெரியாது," என்றார் மெதுவாக. "நல்லதுன்னு சொன்னவங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்றாங்க. இவரு மட்டும்தான் நடந்தத சொல்றாரு. நானே இப்படிப் பாத்துட்டு வேணாங்கிறேன். மதுரா எழுதுனதப் பாத்தவங்களக் குத்தம் சொல்லி என்ன பண்றது? கையில கொழந்தையோட இருக்கறவங்க அவங்க."

*

மாதக் கடைசிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மதுரா கூப்பிட்டாள். ஆரவுக்குப் பல் முளைத்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு, அக்கா கட்டாயம் வரவேண்டும். குரலில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் இவருக்கு இன்னும் வலித்தது.

"போகாதீங்கம்மா," என்றாள் சிவானி.

"பல்லு வந்திருக்கு. என் கையில குளிச்ச புள்ள," என்றார். வேறு காரணம் சொல்லவில்லை. சிவானியையும் கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை பிளாக்கின் எழுத்தை இரண்டு தடவை சரிபார்த்தார்.

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நடுவில் பாய் விரித்து ஆரவை உட்காரவைத்து, தலைமேல் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து, மதுராவின் அம்மா சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளை மெதுவாகக் கொட்டினார். அவன் அலறாமல், விழுந்ததில் ஒன்றை எடுத்து வாயில் வைத்தான். எல்லாரும் கைதட்டினார்கள். முன்னால் புத்தகம், பேனா, நகை, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பியிருந்தார்கள். எதை முதலில் எடுக்கிறானோ அதுதான் பிற்காலத்தில் அவன் தொழிலாம். அவன் எதையும் சீண்டாமல் தவழ்ந்து போய் சுசீலா அக்காவின் துணிப்பையைப் பிடித்து இழுத்தான்.

"சரி, இவன் மசாஜ் போடத்தான் போறான்!" என்று யாரோ சொல்ல வீடே சிரித்தது. சுசீலா அக்கா அவனைத் தூக்கிக்கொண்டார். கன்னத்தில் அவர் வைக்கிற அதே இடத்தில் சின்னதாக ஒரு மைப்பொட்டு இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மதுரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் பெருமை. "அக்கா, கேட்கணும்னே இருந்தேன். என் ரிவ்யூ பாத்தீங்களா? அதுக்குத்தான் நிறைய லைக்! அதப் பாத்து நிறைய பேர் கூப்ட்டிருப்பாங்களே?"

சிவானி வாயைத் திறந்தாள். சுசீலா அக்கா மகளின் கையை அழுத்தினார்.

"மதுரா, அன்னைக்கு நான் வந்தேனேம்மா. ஏன் வரலைன்னு எழுதுனீங்க?"

மதுரா ஆச்சரியமாகப் பார்த்தாள். "அது பொட்டுக்கா!"

"என்னது?"

"நீங்கதானே சொன்னீங்க, முழுசாப் புகழ்ந்தா கூடவே ஒரு குறை சொல்லணும்னு? முதல்ல அஞ்சு ஸ்டார் போட்டு, நல்லது மட்டும்தான் எழுதினேன். அம்மாட்ட காட்டினேன், அவங்களும் இதத்தான் சொன்னாங்க."

மதுராவின் அம்மா தேநீர்த் தட்டோடு வந்தவர், "ஓம், நான்தான் சொன்னனான்," என்றார். "பிள்ளையத் தூக்கிற கையப் பற்றி அப்பிடி எழுதினா நாவூறு பட்டிடும் எல்லோ? ஒரு குறையெண்டாலும் போடு பிள்ளை எண்டு சொன்னன். என்ன, பிழையே?"

"குறை என்ன எழுதுறதுன்னே தெரியல அக்கா. உங்ககிட்ட ஒண்ணும் இல்ல. அன்னைக்கு லேட்டானது ஞாபகம் வந்துச்சு. சும்மா 'லேட்'னு எழுதுனா சின்னதா இருந்துச்சு. அதான் கொஞ்சம்..."

சிவானி போனைத் திறந்து அந்த ரிவ்யூவை நீட்டினாள். "அக்கா, நீங்களே படிங்க. உங்களுக்கு இன்னும் பாப்பா பொறக்கலைன்னு நெனச்சுக்கிட்டுப் படிங்க."

மதுரா சத்தமாகவே படிக்கத் தொடங்கினாள். 'ஒரே ஒரு குறை' வரைக்கும் சிரித்த முகம். 'கதவையே பார்த்துக்கொண்டு' என்ற இடத்தில் குரல் இறங்கியது. கடைசி வரியை அவள் வாய்க்குள்ளேயே படித்தாள்.

"படிச்சா எனக்கே பயமா இருக்குக்கா," என்றாள். "நானா இருந்தா உங்களக் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

"கூப்பிடலம்மா. யாரும் கூப்பிடல. மாசக் கடைசியில பழைய வேலைக்கே போயிடலாம்னு இருக்கேன்."

மதுரா அழத் தொடங்கிவிட்டாள். மதுராவின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ கடவுளே," என்றார். எனக்கு இதைப் பின்னால் சொன்ன சிவானியே அந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். ஐந்து மாதமாகத் துரோகம் என்று இவர்கள் நினைத்தது, மதுராவுக்குக் காப்பு! சுசீலா அக்கா கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் அவள் அவருக்கே செய்திருக்கிறாள்.

சுசீலா அக்காவுக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, தெரியவில்லை. மடியிலிருந்த ஆரவின் கன்னத்துப் பொட்டைக் காட்டி, "பொட்டு இம்புட்டுதாம்மா வைக்கணும்," என்றார். "நீங்க முகம் பூராவும் மையப் பூசிட்டீங்க. மூஞ்சியே தெரியல."

"இப்பவே அழிச்சிடுறேன் அக்கா. அஞ்சு ஸ்டார் போட்டு..."

"அழிக்காதீங்க. 'வெரி குட்'டும் போடாதீங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சோ அத எழுதுங்க. நீங்க அழுததையும் எழுதுங்க, அது நடந்ததுதானே. நான் லேட்டா வந்ததையும் எழுதுங்க. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னும் எழுதுங்க."

மதுராவின் அம்மா விடவில்லை. "ஒரு குறையும் இருக்கோணும்."

"இருக்கட்டும்மா," என்றார் சுசீலா அக்கா. "சின்னதா."

*

அன்றிரவே மதுரா மாற்றி எழுதினாள். அதையும் தமிழில் தருகிறேன்:

"முன்பு எழுதியது தவறு. அக்கா அன்று வந்தார். பக்கத்து பிளாக்கில் ஏறி, யார் வீட்டு மணியையோ அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. அவர் வரும்வரை நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வந்ததும் அவர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். 'நீங்க குடிங்க, அப்புறம்தான் மத்தது' என்றார். நான் குடித்து முடிக்கும்வரை அவரும் என்னோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பாப்பாவுக்கு முன்னால் என்னை ஒருவர் கவனித்தது அப்போதுதான். குறை: பாப்பா தூங்கிவிட்டால் டிவியை அணைத்துவிடுவார். என் கணவரால் ஒரு மாதம் ஃபுட்பால் பார்க்க முடியவில்லை. நான்கு நட்சத்திரம்தான் தருவேன். காரணம் அவருக்குத் தெரியும்."

மறுநாளே போன் மணி விடாமல் அடித்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. சுசீலா அக்கா ஆபீஸுக்குப் போட்டுப்போன பழைய கறுப்புக் காலுறைகளைத் தேடி எடுத்துத் துவைத்துக்கூடப் போட்டுவிட்டார்.

பிறகு ஜாலான் புசாரிலிருந்து ரக்ஷனா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். "அக்கா, பாப்பா தூங்கினா டிவிய அணைச்சுடுவீங்களாமே?"

சுசீலா அக்கா தயங்கினார். "ஆமாம்மா. அது உங்களுக்குத் தொந்தரவா இருந்தா..."

"தொந்தரவா? எங்க வீட்ல மாமனாரு நாள் பூரா ஃபுல் சவுண்ட்ல வெப்பாரு. என்னால சொல்ல முடியாது. நீங்க வந்து அணைங்க அக்கா, ப்ளீஸ்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் மைலோ போட்டுத் தருவீங்களா?" என்றாள்.

அடுத்து செங்காங்கிலிருந்து ஒருத்தி, பொங்கோலிலிருந்து இன்னொருத்தி. யாரும் "கண்டிப்பா வருவீங்களா?" என்று கேட்கவில்லை. பொங்கோல்காரி மட்டும், "அக்கா, எங்க பிளாக் நம்பர்ல லெட்டர் இருக்கு. கீழ வந்து நிக்கட்டுமா?" என்றாள்.

மாதக் கடைசி நாள் சுசீலா அக்கா தஞ்சோங் பகாருக்குப் போனார். போனில் சொல்லியிருக்கலாம். அது மரியாதையில்லை என்று நேரிலேயே போனார். தனக்காக ஓர் இடத்தைப் பிடித்துவைத்த மனுஷன். போனவர் பழைய பழக்கத்தில் நேராக அடுப்படிக்குள் நுழைந்து சேக் தாவூதுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான், "வரல அண்ணே," என்றார்.

"நீ டீ போட்டப்பவே தெரிஞ்சுடுச்சு," என்றார் அவர். "வேலைக்கு வர்றவ வந்ததும் கையெழுத்துல்ல போடுவா." ஒரு மிடறு குடித்தார். "என் மருமகளும் முழுகாம இருக்கா. உன்னப் பத்தி அந்தப் பக்கத்துல நானும் ஒண்ணு எழுதட்டுமா? அஞ்சு ஸ்டார்."

"உங்க வீட்டுக்கு நான் இன்னும் வரலயே அண்ணே. வந்து செஞ்சதுக்கப்புறம் மருமக எழுதட்டும்." எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "ஒரு குறையும் சேத்து எழுதச் சொல்லுங்க."

"என்ன குறை?"

"நான் போடுற டீயில சீனி பத்தாது."

சேக் தாவூது கோப்பையைப் பார்த்தார். "அது குறை இல்லம்மா," என்றார். "அது உண்மை."